தாருஸ்ஸலாம் யானை

நல்லையா ஆசாரி மரத்தைத் தட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மறுவார்த்தை கிடையாது. அன்று காலை ஒன்பதரை மணிக்கும் அப்படித்தான் ஆயிற்று. "உள்ளே காலியா இருக்கு, துரை" என்றார். அந்த நாலு வார்த்தையில் ஜமால் என்ற கப்பல் கலாசியின் கையில் விலங்கு ஏறியது.

ரங்கூன் ஆற்றங்கரைச் சுங்கக் கொட்டகையில் பெட்டிகளின் ஆணியைப் பிடுங்கித் திறப்பதும், சோதனை முடிந்ததும் மறுபடி அறைந்து கொடுப்பதும் நல்லையாவின் வேலை. போன வாரம் வேறொரு கப்பலில் வந்த மேசையின் கால்களைக் குடைந்து உள்ளே அபின் வைத்திருந்தது பிடிபட்டது. அன்றிலிருந்து மரச் சாமான் எது வந்தாலும் ஆசாரி தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

அவர் காதுக்கு அந்த மதிப்பு சும்மா வரவில்லை. இந்த வேலைக்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு மர ஆலையில் தேக்குத் தடிகளைத் தட்டித் தரம் பிரித்தவர் அவர். ஆற்றில் மிதந்து வந்து சேற்றில் கிடக்கும் தடி வெளிப்பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். நடுவே உளுத்துப் பொந்தாகியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கோடரியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. 'டொக்' என்று சத்தம் அந்த இடத்திலேயே செத்தால் அது கட்டி மரம். தட்டிய பிறகும் சத்தம் கொஞ்சம் உயிரோடு இருந்தால் உள்ளே பொந்து. நீண்டால் பொந்து, செத்தால் கட்டி. இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு அவர் ஆயிரக்கணக்கான தடிகளுக்கு விதி எழுதியிருந்தார்.

ஜமாலின் பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே ஐந்து மிருகங்கள் இருந்தன. ஆப்பிரிக்கக் கரையில் தாருஸ்ஸலாம் துறைமுகத்தில் ஒரு சிற்பியிடம் வாங்கியவை. சிங்கம், காண்டாமிருகம், நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி, யானை. எல்லாம் கருங்காலியையும் விஞ்சிய கறுப்பு. ஒட்டகச்சிவிங்கி முழங்கை நீளம். அதன் பிடரியில் மட்டும் மரத்தின் வெளிப்பக்கத்து இளம்பகுதியான வெளிறைச் சீவாமல் விட்டு, மயிருக்கு வெண்ணெய் நிறம் வரும்படி செதுக்கியிருந்தான் அந்தச் சிற்பி. நல்லையா அதைக் கழுத்தோடு இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துச் சின்னச் சுத்தியலால் தட்டினார். 'டிங்...' என்றது. வெண்கல மணியைப் போல நீண்டு நின்றது. சிங்கத்தையும் காண்டாமிருகத்தையும் தூக்கித் தட்டினார். அவையும் நீண்டன. மற்ற இரண்டையும் தட்டவே இல்லை. தன் வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

"என்ன ஆசாரியாரே, காலியா? தூக்கிப் பாருங்க, கை ஒடிஞ்சிடும்! இது எப்படிக் காலியா இருக்கும்?" என்று கத்தினான் ஜமால். கீழக்கரைப் பக்கத்து ஆள். முப்பது வயது இருக்கும். "போன தடவை ஒரு கிளி கொண்டாந்தேன், அது கெட்ட வார்த்தை பேசுதுன்னு பிடிச்சீங்க. இந்தத் தடவை வாயே இல்லாத மிருகம் கொண்டாந்தேன், அதுவும் பேசுதுங்கிறீங்களா?"

கூலிகள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. துரை என்றால் சீமைத் துரை அல்ல. சென்னைப் பெரம்பூரில் பிறந்த சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். தமிழ் தண்ணீராகப் பேசுவார். "கனமாத்தான் இருக்கும் மேன். அபின் என்ன பஞ்சா? உக்காரு அங்கே" என்றார். போலீஸ்காரன் ஜமாலைச் சுவரோரப் பலகையில் உட்கார வைத்தான். அவன் கப்பல் நடு ஆற்றில் நின்றது. ஒரு மணிக்கு ஏற்ற நீர் உச்சத்தைத் தொடும். அதோடு கப்பல் கிளம்பிவிடும். ஒரு கலாசிக்காக ஆறு காத்திருக்காது. கப்பல் போய்விட்டால் ஜமாலுக்கு ஜெயில்தான். இரண்டு வருடத்துக்குக் குறையாது.

துரை அறிக்கை எழுத உள்ளே போனார். நல்லையா மிருகங்களைப் பெட்டியில் திரும்ப வைக்க ஆரம்பித்தார். ஒட்டகச்சிவிங்கியை மடித்த சாக்கின் மேல் படுக்க வைத்தார். பழக்க தோஷத்தில் கை சும்மா இருக்காமல் இன்னொரு முறை தட்டியது.

'டொக்.'

அவர் கை நின்றது. மறுபடி தூக்கிப் பிடித்துத் தட்டினார். 'டிங்...' படுக்க வைத்துத் தட்டினார். 'டொக்.' ஒரே மரம், ஒரே சுத்தியல், இரண்டு சத்தம். பானையை மணலில் வைத்துத் தட்டினாலும் பானைச் சத்தம்தான் வரும். உள்ளே வெற்றிடம் இருந்தால், படுக்க வைத்தால் மட்டும் அது எங்கே போகும்?

பக்கத்து மேசையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த பர்மியக் குமாஸ்தா கோ தின் மாங் தலையை நிமிர்த்தினார். வருடக்கணக்காகத் துறைமுகத்துத் தமிழர்களோடு பழகியதில் அவருக்கும் தமிழ் வரும்.

"ஆசாரி, என்ன, பத்தலா வாசிக்கிறீங்களா?"

"பத்தலாவா?"

"எங்க வாத்தியம். படகு மாதிரி பெட்டி இருக்கும், மேலே பட்டை பட்டையா மூங்கில். எங்க வீட்டுல இருக்குது. அந்தப் பட்டையைக் கயித்துல தொங்க விட்டாத்தான் பாடும். எடுத்துத் தரையில வெச்சா செத்துப் போச்சு, டொக்."

நல்லையா சுத்தியலைக் கீழே வைத்தார். "அந்தப் பெட்டி காலியா இருக்கிறதாலதானே பாடுது?"

"இல்ல, இல்ல. ஒரு பட்டையை மட்டும் நூல்ல கட்டித் தூக்கித் தட்டினாலும் பாடும். பட்டை வெறும் கட்டைதான். உள்ளே ஓட்டை கிடையாது."

அப்போதுதான் அவருக்குத் தன் பன்னிரண்டு வருடமும் புரிந்தது. தேக்குத் தடியை யாராவது இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துத் தட்டியிருக்கிறார்களா? அது யானை இழுக்கிற பாரம். சேற்றில் புதைந்து கிடக்கும். நல்ல மரத்தைத் தட்டினால் அது நடுங்கத்தான் செய்யும். அந்த நடுக்கத்தைச் சேறு குடித்துவிடும். அதனால்தான் அவர் காதுக்குக் கட்டி மரம் எப்போதும் செத்த சத்தமாகவே கேட்டது. இந்த ஆப்பிரிக்க மரமோ இரும்பைப் போல இறுகியது. கையில் தொங்கவிட்டுத் தட்டினால் அதன் நடுக்கத்தைக் குடிக்க எதுவும் இல்லை. வைரம் பாய்ந்த மரம் பாடியிருக்கிறது. அதைப் போய்ப் பொந்து என்று சொல்லிவிட்டார்.

அவர் துரையின் மேசை முன் போய் நின்றார்.

"துரை, நான் சொன்னது தப்பு. அது கட்டி மரம்."

துரை பேனாவை வைத்தார். "என்னா மேன், ஒரு மணி நேரத்துல மரம் முத்திப் போச்சா?"

"தூக்கிப் பிடிச்சுத் தட்டினது என் பிசகு. படுக்க வெச்சுத்தான் தட்டியிருக்கணும். வந்து கேளுங்க."

துரை வந்தார். சாக்கின் மேல் ஒவ்வொன்றாக வைத்து நல்லையா தட்டினார். ஒட்டகச்சிவிங்கி, டொக். சிங்கம், டொக். காண்டாமிருகம், நீர்யானை, டொக், டொக். கடைசியில் யானை. பரந்த காதும் குழிந்த முதுகுமாக ஐந்திலும் பெரியது, அழகானது.

'டொம்.'

மயிரிழை வித்தியாசம். துரைக்குத் தெரியவில்லை. குமாஸ்தாவுக்கும் தெரியவில்லை. நல்லையாவுக்குத் தெரிந்தது. இது கையில் தொங்கிப் பாடிய சத்தம் இல்லை. சாக்கில் படுத்துக்கொண்டும் சாகாத சத்தம். நூற்றுக்கணக்கான உளுத்த தடிகளில் அவர் கேட்ட அதே சத்தம். உள்ளே பொந்து இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது?

அவர் ஜமாலைப் பார்த்தார். ஜமால் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் எனக்கு ஒரே சத்தம். காதை வெச்சு ஒருத்தனை உள்ளே தள்ளவும் முடியாது, வெளியே விடவும் முடியாது. வாளை எடு. அஞ்சையும் அறுத்துப் பாத்துடலாம்" என்றார் துரை.

"அறுத்தா அது விறகு, துரை!" என்று பலகையிலிருந்து குரல் வந்தது. "முகல் தெருவுல அப்துல் பாரி கடைக்குத் தர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். விறகுக் கடைன்னா அவர் போர்டை மாத்தணும்."

"துளை போட்டுப் பாக்கலாம் துரை" என்றார் நல்லையா. "வயித்துக்கு அடியில, வெளியே தெரியாத இடத்துல. உள்ளே நடு வரைக்கும் மரத்தூளே வந்தா கட்டி. நடுவுல ஊசி விழுந்தா பொந்து."

"ஒண்ணுல விழுந்தாலும் கேஸ் நிக்கும்."

"சரிங்க."

அவர் துரப்பணத்தை எடுத்தார். நடுக்கட்டையில் கயிறு சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுக்க, எஃகு ஊசி சுழலும் கருவி அது. தேக்கில் வைத்தால் வெண்ணெயில் கம்பி இறங்குவது போல இறங்கும். இந்த மரத்தில் ஊசி முதலில் வழுக்கியது. பிறகு கீச்சென்று அலறியது. நாலு இழுப்புக்கு ஒரு சிட்டிகைத் தூள்; கருநாவல் பழத்தோல் நிறம். பத்து இழுப்புக்கு மேல் ஊசி சூடேறிப் புகை வந்தது. சூடேறிய எஃகு பதம் இழந்து மழுங்கும். அதனால் எடுத்து, ஆறவிட்டு, சாணைக்கல்லில் தீட்டி, மறுபடி வைக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் ஊசி உள்ளேயே ஒடிந்துவிடும்; அப்புறம் சத்தியமாக வாள்தான். ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது, கை மெதுவாகத்தான் போக வேண்டும்.

ஒட்டகச்சிவிங்கி நடு வரைக்கும் தூள். சிங்கத்தில் இரண்டாவது ஊசி போட வேண்டியிருந்தது. நடு வரைக்கும் தூள். காண்டாமிருகமும் நீர்யானையும் அப்படியே. நீர்யானை முடிந்தபோது கொட்டகைக் கடிகாரம் பன்னிரண்டு அடித்துக் கால் மணி ஆகியிருந்தது.

நாலு குவியல் தூளையும் துரை விரலால் கிளறினார். கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் சாப்பாட்டு நேரம். "போதும் மேன். நாலு கட்டின்னா அஞ்சாவதும் கட்டிதான். விலங்கைக் கழட்டு."

நல்லையாவின் மூச்சு இறங்கியது. ஊசியைத் துணியில் துடைத்தார். யானையை யாரும் தொட வேண்டியதில்லை. உள்ளே எது இருந்தாலும் அது கடைக்குப் போய்விடும். அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவர் திறக்கவில்லை.

திறந்தவன் ஜமால்.

"யானையையும் போடுங்க, துரை!" போலீஸ்காரன் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் எழுந்து வந்துவிட்டான். "மிச்சம் வெச்சா நாளைக்கு வேற பேச்சு வரும். கலாசி ஜமால் நாலு நல்லதைக் காட்டி அஞ்சாவதைக் கடத்திட்டான்பாங்க. அஞ்சுலயும் நல்ல சாமான் அதுதான். பேரம் பேசாம கேட்ட விலை குடுத்து வாங்கினேன். போடுங்க ஆசாரியாரே! உங்க காதுக்கும் புத்தி வரட்டும்."

"வேண்டாம் தம்பி. துரை போதும்னுட்டாரே. கப்பலுக்கு நேரமாச்சு" என்றார் நல்லையா. குரல் அவருக்கே கேட்கவில்லை.

துரை அவர் முகத்தைப் பார்த்தார். "ஏன் வேண்டாம்? போடு."

துரப்பணம் சுழன்றது. நாற்பது இழுப்பு வரை தூள் வந்தது. நாற்பத்தோராவது இழுப்பில் ஊசி சட்டென்று உள்ளே விழுந்தது. கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். வெளியே இழுத்தபோது ஊசி நுனியில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது.

ஜமாலின் வாய் திறந்தபடி நின்றது. போலீஸ்காரன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"கிளி இல்லை, யானை" என்றார் துரை.

"எனக்குத் தெரியாது! அல்லா மேல ஆணை, எனக்குத் தெரியாது!"

தெரியாது என்பது நல்லையாவுக்குத் தெரியும். தெரிந்தவன் எவனாவது, போதும் என்று சொன்ன அதிகாரியிடம் யானையையும் துளை போடு என்று கேட்பானா? ஆனால் கோர்ட்டில் இது நிற்காது. ஊசி விழுந்தது நிற்கும். காலையில் அவர் சொன்ன நாலு வார்த்தையும் நிற்கும்.

அவர் தீக்குச்சியைக் கிழித்து ஊசி நுனியைச் சுடரில் காட்டினார். அபின் எரிகிற வாடையை ரங்கூனில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது அந்த வாடை இல்லை. தேன் வாடை.

"மோந்து பாருங்க துரை."

துரை குனிந்தார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். "மெழுகு" என்றார். "சர்ச்சுல எரியிற மெழுகுவத்தி. அதனால என்னா? போன வாரம் மேசைக்காலையும் மெழுகுலதான் மூடியிருந்தான். மேலே மெழுகு, உள்ளே சரக்கு."

"அப்ப அறுக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. பொந்து மனுஷன் குடைஞ்சதா, மரமே குடைஞ்சுக்கிட்டதான்னு அது உங்களுக்கே சொல்லும்."

"மரம் சொல்லுமா?"

"சொல்லும். உளி போன இடம் பட்டை பட்டையா, வழவழன்னு இருக்கும். பொந்து வட்டமாவோ சதுரமாவோ ஒரு ஒழுங்கா இருக்கும். மனுஷன் கை ஒழுங்கை விடாது. மரம் நடுவுல தானா உளுத்தா ஒழுங்கே இருக்காது. நடுக்குருத்துலேருந்து விரிசல் நாலா பக்கமும் ஓடும். ஓரமெல்லாம் பழுப்பாப் பொடிஞ்சு கிடக்கும்."

இதைச் சொல்லும்போதே அவர் யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிற்பி எண்ணெய் தேய்த்து மெருகேற்றியிருந்தான். வாலுக்கு அடியில் மரத்தின் வளையங்கள் மங்கலாகத் தெரிந்தன. எல்லா வளையங்களும் ஒரு புள்ளியைச் சுற்றி வந்தன. அதுதான் குருத்து. ஆக, தடியின் நடுமத்தியில்தான் இந்த யானையைச் செதுக்கியிருக்கிறான். அந்தப் புள்ளி இருக்க வேண்டிய இடம் மட்டும் வளையமே இல்லாமல் மொழுக்கென்று இருந்தது. அங்கே அடைப்பு. துளை விழுந்ததும் அதே நேர்க்கோட்டில்.

அவர் எதிர்பார்ப்பது சரியாக இருந்தால் ஜமால் தப்பித்தான். உளிக்கோடு ஒன்று தெரிந்தாலும் தீர்ந்தது.

மெல்லிய பல் வாளை எடுத்து முதுகின் குறுக்கே வைத்தார். கோ தின் மாங் யானையின் தலையையும் பின்புறத்தையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். வாள் அறுக்கவில்லை, தேய்த்தது. கருந்தூள் மேசையில் கோடாகக் கொட்டியது. பன்னிரண்டே முக்காலுக்குக் கப்பலின் முதல் சங்கு ஊதியது. ஜமால் கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது.

யானை இரண்டாகப் பிளந்தது.

வெட்டுமுகம் கறுப்புக் கண்ணாடியாகப் பளபளத்தது. நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொந்து. அதிலிருந்து விரிசல்கள் நண்டுக்காலாக விரிந்திருந்தன. ஓரம் பழுப்பேறிப் பொடிந்திருந்தது. நல்லையா ஒரு கம்பியை விட்டுச் சுழற்றினார். உளுத்த தூள் கொட்டியது, கூடவே செத்த வண்டு ஒன்றின் ஓடு. வால் பக்கம் கம்பி முட்டிய இடத்தில் மெழுகும் கருந்தூளும் குழைத்த அடைப்பு; அடைக்கும்போது உருகி உள்ளே வழிந்த மெழுகு ஊசித் துளை வரைக்கும் ஒட்டியிருந்தது. வேறொன்றும் இல்லை.

துரை பொந்துக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். இரண்டு பாதியையும் மோந்து பார்த்தார்.

முதலில் பேசியவன் ஜமால்தான். "அடப் பாவி! அந்தத் தாருஸ்ஸலாம்காரன் உளுத்த யானையையா என் தலையில கட்டினான்? நான்தான் விவரமான ஆளுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்தேனே!"

கூலிகளில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். போலீஸ்காரன் சாவியைத் திருப்பினான்.

"இருங்க" என்றார் துரை. "ஆசாரி சொன்னான்னு காலையில கையெழுத்துப் போட்டாச்சு. இவனை விடணும்னா அந்த வார்த்தை தப்புன்னு அதே ஆசாரி எழுதிக் குடுக்கணும். எழுதினா இனிமே இந்தக் கொட்டகையில அவன் தட்டிச் சொல்றதை யாரும் கேக்கப் போறதில்லை. தட்டத் தெரியாத ஆசாரி நமக்கு எதுக்குன்னு மேலே கேப்பாங்க. நான் என்னா சொல்றது?"

"காயிதத்தைக் குடுங்க" என்றார் நல்லையா.

கோ தின் மாங் தாளை நீட்டினார். துரை கேட்டார்: "தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா? அதையும் எழுதணும்."

நல்லையா பேனாவை மையில் தோய்த்தார். பிறகு தமிழில் எழுதினார்: 'தெரியும் என்று நினைத்துச் சொன்னேன்.' கீழே பெயரைப் போட்டார்.

மை காய்வதற்குள், விலங்கு கழன்ற ஜமால் படித்துறையில் இருந்தான். இரண்டாவது சங்கும் ஊதியாகிவிட்டது. கப்பல் நங்கூரச் சங்கிலியைச் சுருட்டும் சத்தம் ஆற்றின் மேல் உருண்டு வந்தது. அவன் ஒரு சம்பான் படகுக்குள் குதித்தான். துடுப்புக்காரர் ஏற்ற நீருக்கு எதிராக உடம்பைச் சாய்த்துத் தள்ளினார். நல்லையா படித்துறையின் கடைசிப் படி வரைக்கும் ஓடி வந்தார்.

"தம்பி! உன் பெட்டி!"

"பெட்டியைத் தூக்கிட்டு ஏணி ஏறவா? அப்துல் பாரி கடையில குடுத்துடுங்க!" சம்பான் விலக விலக ஜமால் கத்தினான். "யானையையும் சேத்துக் குடுங்க! ஏன் ரெண்டா இருக்குன்னு கேப்பாரு. நீங்களே சொல்லுங்க, முழுசா. என் மேல பழி வெச்சா அடுத்த தடவை நிஜமாவே கிளி கொண்டாருவேன்!"

கப்பலின் மூக்கு மெல்லத் திரும்பத் தொடங்கியிருந்தது. பக்கவாட்டில் தொங்கிய கயிற்று ஏணி தண்ணீரில் இழுபட்டது. சம்பான் அதன் அருகே போய் ஒரு முறை தவறியது. இரண்டாம் முறை ஜமாலின் கை ஏணியைப் பிடித்தது. கால் எட்டவில்லை. கைலி தொடை வரை நனைய ஒரு நிமிடம் தொங்கினான். பிறகு ஒரு படி ஏறினான், இன்னொரு படி. மேலேயிருந்து யாரோ அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

நல்லையா கொட்டகைக்குத் திரும்பி, நாலு மிருகங்களையும் வைக்கோலில் படுக்க வைத்தார். யானையின் இரண்டு பாதியையும் தன் தோள்துண்டில் சுற்றி நடுவில் வைத்தார். மூடியை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டி, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அப்துல் பாரியிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்தபடி முகல் தெருவை நோக்கி நடந்தார்.